பயணம் தாங்காத பானம்

*திராட்சைத் தோட்டங்களைக் காண விமானம் ஏறுகிறவர்கள், இராமேசுவரம் போகும் வழியில் பனங்காட்டைக் கண்டும் ஏன் இறங்குவதில்லை?*

கண்ணுக்குத் தெரியுமுன் அவர் காதுக்குத் தெரிந்தார். சித்திரை மாதத்து வைகறையொன்றில், கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து சாயல்குடிக்கு அண்மையில் பிரியும் மணற்பாதையில் நாம் நின்றுகொண்டிருந்தபோது, கீழ்வானம் இன்னும் வெளுக்காத அந்த அரையிருட்டில், தலைக்கு மேலே நாற்பதடி உயரத்திலிருந்து, பாளையைச் சீவும் அரிவாளின் மெல்லிய ஓசையும், அதைத் தொடர்ந்து மண்கலயம் ஒன்று மட்டையில் இடித்து எழுப்பும் ஒலியும் வந்தன. பிறகு இருள் விலக, பாதங்களைத் தளைநாரில் பிணைத்து, மார்பை மரத்தோடு ஒட்டி, விட்டு விட்டுச் சறுக்கியவாறு இறங்கி வந்த மனிதருக்கு அறுபது வயதுக்குக் குறையாது.

மண்ணில் கால் ஊன்றியதும் அவர் இடுப்பிலிருந்த அரிவாள் பெட்டியைக் கழற்றி வைத்தார். குருத்தோலை ஒன்றை மடித்து, நுனியை முடிந்து, கண்மூடித் திறப்பதற்குள் ஒரு பட்டை செய்து, அதில் பதநீரை வடித்து நீட்டினார். “குனிஞ்சு குடிங்க ஐயா. பட்டை சாஞ்சா சட்டையெல்லாம் ஆயிரும்” என்றார். முதலில் நாவில் பட்டது இனிப்பு. அதன் பின்னே சுண்ணாம்பின் மெல்லிய கார்ப்பு. விழுங்கிய பிறகு நெடுநேரம் தங்கியது பச்சை ஓலையின் வாசனை.

அந்த வேளையில், திருச்செந்தூரில் முருகனைத் தரிசித்துவிட்டு இராமேசுவரத்தை நோக்கி விரையும் யாத்திரை வண்டிகள் இரண்டு, கண்ணாடிகளை இறுக மூடிக்கொண்டு, குளிர்சாதனமும் திரைப்பாட்டுமாகச் சாலையைக் கடந்து சென்றன. “நிக்க மாட்டாக ஐயா” என்று நாம் கேளாமலே சொன்னார் அவர். சொல்லிவிட்டு அடுத்த மரத்தில் ஏறிவிட்டார்.

பெயர் பெற்ற மண்

வசதியுள்ள நம் நண்பர்கள் சிலர் அண்மைக் காலத்தில் இத்தாலியின் டஸ்கனிக்கும் போர்ச்சுகலின் டோரோ பள்ளத்தாக்குக்கும் போய்த் திரும்பி, அங்கே வெயில் காயும் குன்றுச் சரிவுகளில் திராட்சைக் கொடிகள் வரிசை வரிசையாக நின்ற அழகையும், நிலவறைகளில் ஓக் மரப் பீப்பாய்கள் மௌனமாக உறங்கும் காட்சியையும், கிண்ணத்தைச் சுழற்றி முகர்ந்து ஒரு மிடறு சுவைத்த சம்பிரதாயத்தையும் விஸ்தாரமாகச் சொல்லக் கேட்கிறோம். குடிப்பழக்கம் இல்லாதவர்கள்கூட அந்தத் தோட்டங்களுக்குப் போய் வருகிறார்கள் என்பதிலிருந்து, அங்கே விற்பனையாவது மது மட்டும் இல்லை, ஒரு மண்ணின் பெயரும் அதனோடு சேர்ந்து விலைபோகிறது என்பது விளங்கும்.

அந்தப் பெயர் ஒரு நாளில் வந்ததில்லை. டஸ்கனியின் பிரபு மூன்றாம் கோசிமோ 1716ஆம் ஆண்டிலேயே கியாந்தி மது எந்த எல்லைக்குள் விளைய வேண்டும் என்று பிரகடனம் செய்தார். போர்ச்சுகலில் 1756ஆம் ஆண்டு பொம்பால் பிரபுவின் ஆட்சியில் டோரோவின் எல்லை வகுக்கப்பட்டது. விவசாயி தன் வீட்டிலேயே விருந்தினரைத் தங்கவைத்து உணவளிக்க வழிசெய்யும் சட்டத்தை இத்தாலி 1985இல் இயற்றியது. முதலில் எல்லை, பிறகு பெயர், அதன் பின்னரே விருந்தாளி. அங்கே காரியம் நடந்த கிரமம் இதுதான்.

அழகன்குளத்தில் இறங்கிய சாடிகள்

மத்தியதரைக் கடலின் மது நம் கரைக்குப் புதியது என்று எவரும் எண்ண வேண்டாம். இராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலை அணுகும் இடத்திலுள்ள அழகன்குளத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 1980களிலிருந்து பல பருவங்களாக நடத்திய அகழாய்வுகளில், ரோமாபுரி நாணயங்களும், கப்பல் உருவம் கீறிய பானையோடும், இரட்டைக் கைப்பிடியும் கூரிய அடிப்பாகமும் கொண்ட ஆம்போரா என்னும் மதுச் சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. புறநானூற்றின் 56ஆம் பாடலில், பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும் நக்கீரர், யவனர் கலங்களில் கொண்டுவந்த நறுமண மதுவைப் பொற்கிண்ணத்தில் மகளிர் ஏந்தித் தர அவன் நாளும் உண்டு மகிழட்டும் என்கிறார். ஆக, இன்று நம்மவர் விமானம் ஏறித் தேடிப் போகும் பானம், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தானே கப்பலேறி நம் வாசலுக்கு வந்திருக்கிறது.

அது வர முடிந்ததற்குக் காரணம் உண்டு. திராட்சைச் சாற்றில் இயல்பாகவே புளிப்பு மிகுதி. நொதித்து முடிந்தபின் அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பங்கு சாராயச் சத்து நிற்கிறது. உட்புறம் கீல் பூசி வாயடைத்த சாடி அதைக் காற்றிலிருந்து காக்கிறது. பனையின் நீருக்கு இந்தக் காப்பு எதுவும் கிடையாது. திறந்த கலயத்தில் வெட்டவெளியில் சொட்டும் அந்த இனிப்பு நீரில், காற்றிலும் கலயத்திலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்துக்குள் குடியேறிவிடுகின்றன. காலையில் இனித்தது மாலைக்குள் கள்ளாகி, மறுநாள் காடியாகிவிடும்.

திராட்சை மதுவை நாடி மனிதன் போகவேண்டிய கட்டாயம் இல்லை; அது புட்டியில் உலகைச் சுற்றும். பதநீரை அதன் உண்மைச் சுவையில் அருந்த வேண்டுமானால் மரத்தடிக்குத்தான் வந்தாக வேண்டும். மரத்தடிக்கே வரச்சொல்லும் பானம் இருக்கும் ஊரில் வருவார் இல்லை என்பதே இந்தக் கட்டுரை எழுதக் காரணம்.

---
பெட்டிச் செய்தி: பனங்காட்டுச் சொற்கள்

▪ அலகுப்பனை, பருவப்பனை: முன்னது ஆண் பனை, பின்னது பெண் பனை. இரண்டிலும் பதநீர் இறக்கலாம்.
▪ கடிப்பு: பாளையை இதமாக நசுக்கிப் பக்குவப்படுத்தும் மரக்கருவி.
▪ கலயம்: பாளை நுனியில் கட்டும் சிறு மண்பானை. உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர்.
▪ தளைநார்: ஏறும்போது இரு பாதங்களையும் பிணைக்கும் வளையம்.
▪ பட்டை: ஓலையை மடித்துச் செய்யும் குடிகலம்.
▪ விடிலி: பதநீர் காய்ச்சும் ஓலைக் குடில்.
---

விரல்நுனிச் சுண்ணாம்பு

கலயத்தின் உட்புறத்தில் தடவும் விரல்நுனிச் சுண்ணாம்பு, இந்தக் கரையில் ஒரு மனிதரின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. சுண்ணாம்பின் காரம் நொதித்தலைத் தற்காலிகமாகத் தடுத்து வைக்கிறது. ஆகவே தடவினால் பதநீர், அது சட்டத்துக்கு உட்பட்ட ஆகாரம். தடவாவிட்டால் கள், அது சட்ட விரோதம். “ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். சுண்ணாம்பு இருந்தா பதனி, இல்லாட்டி கேசு” என்று அந்த முதியவர் ஒரே மூச்சில் சொன்னதற்கு மேல் சட்டநூல் எதுவும் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

கள்ளைப் பற்றிய வாதப் பிரதிவாதங்கள் இப்போது மேடைகளில் சூடாக நடக்கின்றன. நூற்றுக்கு நான்கைந்து பங்கு சாராயச் சத்துள்ள கள்ளைத் தடுத்துவிட்டு, 42.8 பங்கு உள்ள சரக்கை அரசுக் கடையிலேயே விற்பது என்ன நியாயம் என்று ஒரு தரப்பார் கேட்கிறார்கள். கள்ளுக்கடை திறந்திருந்த காலத்தில் மயக்க மருந்து கலந்த கள்ளால் விளைந்த அனர்த்தங்களையும், கூலியைக் கடையில் விட்டு வெறுங்கையோடு வீடு திரும்பிய குடும்பத் தலைவர்களையும் மறு தரப்பார் நினைவூட்டுகிறார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரு தரப்பாரும் பேசுவது கலயத்தில் உள்ளதைப் பற்றியே. மரத்தில் உள்ளவரைப் பற்றிய பேச்சு அநேகமாக எழுவதில்லை.

---
பெட்டிச் செய்தி: தடையும் தளர்வும்

▪ 1937: ராஜாஜியின் அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது.
▪ 1948: சென்னை மாகாணம் முழுவதற்கும் விரிந்தது.
▪ 1971: மு. கருணாநிதி ஆட்சியில் தளர்வு. 1974க்குள் கடைகள் மீண்டும் மூடப்பட்டன.
▪ 1981: எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடியும் திறப்பு.
▪ 1983: டாஸ்மாக் நிறுவனம் தோற்றம்.
▪ 1987, ஜனவரி 1: கள்ளுக்குத் தடை. அது இன்றும் நீடிக்கிறது.
▪ 2003: மதுவின் சில்லறை விற்பனையும் டாஸ்மாக் வசம்.
---

ஏறுவதற்கு ஆளில்லை

திராட்சைக் கொடி மனிதனின் இடுப்பளவு நிற்கும். கூடையைத் தரையில் வைத்துப் பறிக்கலாம். பனை அப்படியா? காலையும் மாலையும் பாளையைச் சீவாவிட்டால் நீர் நின்றுவிடும். எனவே பருவம் தொடங்கிவிட்டால் திருவிழாவும் இல்லை, தீட்டும் இல்லை, காய்ச்சலும் இல்லை. நாளொன்றுக்கு முப்பது மரம் ஏறுவதாக அவர் சொன்னார். இரு வேளையும் சேர்த்து அறுபது முறை நாற்பதடி உயரம் ஏறி இறங்குவதை வாசகர்கள் ஒரு கணம் கணக்கிட்டுப் பார்க்கட்டும். மழையில் வழுக்கும் மரமும், காற்றில் ஆடும் மட்டையும், ஓலைக்குள் மறைந்திருக்கும் குளவிக் கூடும் சம்பளத்தில் சேராத சங்கடங்கள்.

கீழே பெண்களின் பாடு அதற்குச் சிறிதும் குறைந்ததன்று. விடிலிக்குள் நாம் நுழைந்தபோது, சீமைக் கருவேல விறகு புகைந்துகொண்டிருந்த அடுப்பின் மேல், அகன்ற சட்டியில் பதநீர் கொதித்து, நுரை விளிம்பு வரை எழும்பி, இதோ வழிந்துவிடும் என்ற தருணத்தில், அந்த அம்மாள் நசுக்கிய ஆமணக்கு விதையில் ஒரு சிட்டிகையைக் கிள்ளிப் போட்டார். பொங்கிய நுரை வெட்கப்பட்டதுபோல் அடங்கிவிட்டது. மணிக்கணக்கில் கிண்டிய பின், நிறம் பொன்னாகிப் பழுப்பாகிக் கறுத்து வரும்போது, ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்த்து, “பதம் வந்துட்டு” என்று சொல்லி, மணலில் வரிசையாகப் பதித்திருந்த சிரட்டைகளில் பாகை ஊற்றினார். கடிகாரமோ வெப்பமானியோ அங்கே இல்லை. ஏறத்தாழ எட்டு லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஒரு கிலோ கருப்பட்டி என்பது அவர்கள் கணக்கு.

இவ்வளவும் செய்து கிடைக்கும் பலன் யாருக்குப் போகிறது? மரம் பெரும்பாலும் அவர்களுடையதன்று, பாட்டத்துக்கு எடுத்தது. பருவம் தொடங்குமுன் வியாபாரியிடம் வாங்கிய முன்பணம் கழுத்தில் கட்டிய கயிறாக இருப்பதால், கருப்பட்டியின் விலையை இறக்குகிறவர் சொல்ல முடியாது, எடுக்கிறவர் சொல்கிறார். ஆறு மாதத்துக்குத் தொழில் உண்டு; மீதி ஆறு மாதத்துக்குக் கடன் உண்டு. மகன் எங்கே என்று கேட்டோம். “திருப்பூர்ல பனியன் கம்பெனி. அவனை இந்த மரத்தைத் தொட விடல ஐயா, நாந்தான் விடல” என்றார். அந்தக் கடைசி வார்த்தையில் துக்கமும் ஒரு வகைப் பெருமிதமும் கலந்திருந்தன.

ஏற ஆளில்லாத பனை, நில உடைமையாளருக்கு வெறும் விறகாகத் தெரிகிறது. அவ்வாறு செங்கல் சூளைகளுக்குப் போய்ச் சாம்பலான மரங்கள் கொஞ்சமல்ல. 2021ஆம் ஆண்டின் வேளாண் நிதிநிலை அறிக்கையில், மாவட்ட ஆட்சியரின் அனுமதியின்றிப் பனையை வெட்டக்கூடாது என்றும், 76 லட்சம் பனை விதைகள் வழங்கப்படும் என்றும் அரசு அறிவித்தது. போற்றத்தக்க காரியம்தான். ஆயினும் பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்பது நம் பழமொழி. இன்று ஊன்றும் விதை பாளை விடப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகலாம். அது பாளை விடும் காலத்தில் அதன் உச்சிக்கு ஏறத் தெரிந்தவர் ஒருவராவது மிஞ்சியிருக்க வேண்டுமே என்ற கவலையை விதை தீர்க்காது.

கடலுக்கு அப்பால் அதே பனை

தனுஷ்கோடி முனையில் நின்றால் தலைமன்னார் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்கிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை இதே மணல், இதே வெயில், இதே பனை. சட்டம் மாத்திரம் வேறு. இலங்கையில் பனை அபிவிருத்திச் சபை 1978இல் அமைக்கப்பட்டது. சீவல் தொழிலாளர்கள் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றுசேர்ந்து, கள்ளைத் தவறணைகள் எனப்படும் கள்ளுக்கடைகளில் விற்றதோடு புட்டியில் அடைக்கவும் கற்றார்கள். வடமராட்சியிலுள்ள திக்கம் வடிசாலை பனஞ்சாராயத்துக்கென்றே எழுந்தது. போர் அந்தப் பனங்காடுகளைப் பெருமளவில் அழித்துவிட்டது என்பதையும், அங்கும் இளைஞர்கள் மரமேறத் தயங்குகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் ஏறுகிறவனுக்கு ஒரு சங்கமும், இறக்கியதற்கு ஒரு பெயரும் இருக்கலாம் என்பதற்கு அக்கரை ஒரு சாட்சி.

இக்கரையிலும் பதநீருக்குப் பெரியோர் ஆதரவு இல்லாமற் போகவில்லை. காந்தியடிகளும் ஜே.சி. குமரப்பாவும் பனைவெல்லத்தைக் கிராமக் கைத்தொழிலின் ஜீவாதாரமாகக் கருதினார்கள். கரும்புக்கு வேண்டிய நன்செய் நிலமும் நீரும் இல்லாமலே தரிசு மண்ணில் இனிப்பு விளைவதன் அருமையை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். பனையைத் தமிழ்நாட்டின் மாநில மரமாக ஏற்றுக்கொண்டதும் நாம்தான். மரத்தைச் சின்னமாக வைத்துவிட்டு, மரத்தடிக்குப் போகாமல் இருந்துவிட்டோம்.

இருபத்திரண்டு கிணறுகளின் பாடம்

‘மண்ணுக்கு மண் சுவை மாறும்’ என்ற தத்துவத்தை ஐரோப்பியரிடம் போய்க் கற்க வேண்டிய அவசியம் நமக்கில்லை. இராமேசுவரம் கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தங்கள் உண்டு. ஒரே பிராகாரச் சுவருக்குள், கூப்பிடு தூரத்தில் இருக்கும் அந்தக் கிணறுகள் ஒவ்வொன்றிலும் நீரின் ருசி வேறு என்று நம் யாத்திரிகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறார்கள். தலையில் விழும் வாளி நீரில் உதட்டில் பட்ட ஒரு துளியைக் கொண்டு இது உவர், இது இனிப்பு என்று பேதம் காணும் நாவுக்கு, பதநீரில் பேதம் காண்பதா கஷ்டம்? செம்மணல் தேரியில் நிற்கும் பனையின் நீர் ஒரு ருசி, கரிசலில் நிற்பது வேறு, கடலை ஒட்டி நிற்பதில் ஒரு சொட்டு உப்பு என்று சாயல்குடி முதியவர் விரல்விட்டு எண்ணினார். டஸ்கனியில் இதைச் சொல்பவருக்குப் பண்டிதர் என்று பெயர். இங்கே அவர் சட்டையில்லாமல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார்.

பெயர் சூட்டும் வித்தையும் நமக்குத் தெரியாததன்று. இதே மாவட்டத்தின் குண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. தெற்கே உடன்குடிக் கருப்பட்டியும் அந்தக் கௌரவத்தைப் பெற்றிருக்கிறது. சாயல்குடி, கடலாடி வட்டாரத்துக் கருப்பட்டியோ ஓலைப்பெட்டியில் அடைபட்டு, மொத்தக் கடைக்குப் போய், ஊர்ப்பெயர் உதிர்ந்து, வெறும் கருப்பட்டியாகி, சீனி கலந்த சரக்கோடு ஒரே தட்டில் நிறுக்கப்படுகிறது. பெயர் இல்லாத பொருளில் கலப்படம் செய்தாலும் கேட்பார் இல்லை. நல்ல சரக்குக்காரருக்கும் போலிச் சரக்குக்காரருக்கும் ஒரே விலை.

கீழக்கரையில் அரிசியும் தேங்காய்ப் பாலும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டும் துதலைச் சுவைத்தவர்கள், நல்ல கருப்பட்டிக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் கவளத்திலேயே அறிவார்கள். அந்த அறிவு வழிப்போக்கருக்கும் வரவேண்டுமானால் பெரிய முதலீடு எதுவும் வேண்டாம். பங்குனி முதல் ஆடி வரையிலான பருவத்தில், விடியற்காலை இரண்டு மணி நேரம் வண்டியை நிறுத்த ஓர் இடம். மரத்தடியில் ஒரு பட்டை பதநீர். விடிலியில் காய்ச்சும் காட்சி. திரும்பும்போது, காய்ச்சியவர் கையாலேயே, ஊர்ப்பெயர் எழுதிய ஓலைப்பெட்டியில் ஒரு கிலோ கருப்பட்டி. இவற்றுக்கு எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியதில்லை. நடுவிலே ஒருவர் கை மாறாமல் அந்தப் பணம் விடிலிக்குப் போய்ச் சேருமானால், அடுத்த பருவத்து முன்பணத்தின் கயிறு ஒரு சுற்றாவது தளரும்.

---
பெட்டிச் செய்தி: கருப்பட்டி வாங்குமுன்

▪ அசல் கருப்பட்டி காற்றின் ஈரத்தை விரைவில் இழுத்துக் கசியும். மழைக்காலத்திலும் கல்லாக நிற்பது சந்தேகத்துக்குரியது.
▪ உடைத்த பக்கத்தில் சீனிப் பரல்போல் மினுமினுத்தால் விலகுங்கள்.
▪ கரைத்து வடிகட்டியே உபயோகியுங்கள்; அடியில் மணல் தங்கும். அது கலப்படமன்று, சிரட்டை பதிந்திருந்த மணல்.
▪ ஓலைப்பெட்டியில், புகைபடும் உயரத்தில் வைத்தால் நெடுநாள் கெடாது.
---

பாம்பன் பாலத்தில்

விடைபெறும்போது, இராமேசுவரத்தில் நமக்காகக் காத்திருந்த நண்பருக்கென்று ஒரு புட்டி பதநீர் கேட்டோம். முதியவர் தலையசைத்தார். “கொண்டுபோக முடியாது ஐயா. அவுகள இங்க வரச் சொல்லுங்க” என்றார். நாம் பிடிவாதம் பிடித்தோம். அவரும் சிரித்துக்கொண்டே நிரப்பித் தந்தார். கீழக்கரையில் துதல் வாங்க ஒரு மணி நேரம், அழகன்குளத்து மேட்டைப் பார்க்க ஒரு மணி நேரம், இராமநாதபுரத்தில் பேருந்துக்குக் காத்திருந்தது ஒரு மணி நேரம் என்று பொழுது நண்பகலைத் தாண்டியது.

பாம்பன் பாலத்தின் மேல் வண்டி ஏறி, இருபுறமும் நீலக்கடல் விரிந்த வேளையில், மடியிலிருந்த பையினுள் ஏதோ சீறியது. திறந்து பார்த்தால் புட்டி உப்பியிருந்தது. மூடியைத் திருகியதும் நுரை பொங்கிக் கையெல்லாம் வழிந்தது. காலையில் குடித்த அந்தப் பச்சை ஓலை வாசனை போய், புளித்த நெடி பரவியது. பக்கத்து இருக்கையில் இருந்த வடநாட்டு யாத்திரிகர் ஆர்வத்தோடு எட்டிப் பார்த்து, இது என்ன என்று சைகையால் கேட்டார்.

பதநீர் என்று சொல்லலாமா, கள் என்று சொல்லலாமா என்று யோசித்தோம். சட்டப்படி எதைச் சொன்னாலும் தவறு வரும்போலிருந்தது. ஒன்றும் சொல்லாமல், சாயல்குடி இருக்கும் மேற்குத் திசையைக் கையால் காட்டினோம்.